பழைய ஸ்டில் 090 செயின் சா: என்ன விலை குடுக்கலாம், நம்பிக் கையில எடுக்கலாமோ?

வன்னியான் (ஒன்டாரியோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் பீட்டர்பரோவுக்குக் கிட்ட ஒரு சின்னக் காணியில இருக்கிறன். எங்கட றோட்டில கடைசி வீட்டு ஐயா போன மாரியில செத்துப்போனார், காலம் முழுக்க மரவேலை செய்த மனுசன். அவற்ற கொட்டிலை இப்ப அவற்ற மனுசி துப்பரவாக்கிறா. அதுக்குள்ள ஒரு ஸ்டில் 090 கிடக்கு, 41 அங்குல பிளேட்டோட (செயின் சுத்தி ஓடிற நீட்டுத் தகடு). தூக்கிப் பாத்தன், கன்றுக்குட்டியைத் தூக்கினமாதிரி இருந்தது. அந்த அம்மா 250 டொலர் தந்தால் கொண்டுபோ தம்பி எண்டு சொன்னவ.

என்னட்ட இருக்கிறது 50 சிசி சின்ன சா ஒண்டுதான். காணிக்குள்ள 30 அங்குல மொத்தத்தில ஒரு ஆஷ் மரம் செத்து நிக்குது, பச்சை வண்டு அரிச்சது. அதை நானே சாய்ச்சு, பிறகு மில் ஃபிரேம் (சாவைப் பூட்டி நீளவாக்கில பலகை அறுக்கிற சட்டம்) போட்டு பலகை அறுத்து ஒரு நீட்டு மேசை செய்யவேணும் எண்டு ரெண்டு வருசமா நினைச்சுக்கொண்டு இருக்கிறன். இந்த 090 அதுக்குச் சரிவருமோ? 250 நியாயமான விலையோ? 20 வருசமா கயிறு இழுக்காமக் கிடந்த மிஷினை எப்பிடிச் சோதிச்சுப் பாக்கிறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கோத்தகிரி பட்டறை

தம்பி முதல்ல ஒரு விஷயம், பெட்ரோல ஊத்தி கயிற இழுத்துப் பாக்கலாம்னு கைய வச்சிடாதீங்க. 20 வருஷம் கெடந்த மிஷின்ல நல்ல பிஸ்டன கெடுக்கறது அந்த முதல் 10 நிமிஷம்தான். கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் இருக்கற ஆயில் சீல் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கும், அதுவழியா காத்து இழுக்கும், கலவை வறண்டுபோகும், ஆயில் பத்தாம பிஸ்டன் சீஸ் ஆயிடும், அதாவது சிலிண்டருக்குள்ளயே இறுகி நின்னுடும். அதுவரைக்கும் அது நல்ல பிஸ்டனாத்தான் இருந்திருக்கும்.

சைலன்சர கழட்டுங்க, அதுல இருந்து ஆரம்பிங்க. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு, பிளக்க கழட்டிட்டு கயிற மெதுவா இழுத்து பிஸ்டன மேல கீழ கொண்டுவந்து பாருங்க. வெள்ளி மாதிரி வழவழன்னு இருந்தா சந்தோஷம். மேலிருந்து கீழா கோடு கோடா கீறல் இருந்தா நகத்த வச்சு குறுக்கால இழுங்க, நகம் தட்டலன்னா ஓட்டலாம், நகம் மாட்டுச்சுன்னா அந்த பிஸ்டன் முடிஞ்ச கதை.

கயிற பிடிச்சு மிஷின தொங்கவிட்டு எவ்வளவு மெதுவா எறங்குதுன்னு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள நிக்கற அழுத்தம்) பாக்கறவங்க இருக்காங்க, சின்ன சாவுக்கு அது சரி, 12 கிலோ மிஷின பழைய கயித்துல தொங்கவிட்டா அறுந்து கால்ல விழும். கேஜ் வாங்கி மாட்டிப் பாருங்க.

அடுத்து இது நெஜமாவே 090தானா? 070ம் 090ம் உடம்பு கிட்டத்தட்ட ஒண்ணு, வித்தியாசம் சிலிண்டர்ல. 070க்கு போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 58 மி.மீ, 090க்கு 66. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) ரெண்டுக்கும் 40தான். அதனால ஒண்ணு 106 சிசி, இன்னொண்ணு 137 சிசி. மேல மூடியில 090ன்னு இருக்கறத வச்சு காசு குடுக்காதீங்க, மூடிய யாரு வேணா மாத்தலாம். சிலிண்டர கழட்டி வெர்னியர் அளவுகோல் வச்சாத்தான் உறுதியா தெரியும். இங்க எங்க பக்கம் சைனா காப்பி 070 நெறைய ஓடுது, பெயிண்ட் அடிச்சு பழசுன்னு சொல்லி வித்தத நானே பாத்திருக்கேன். உங்களது ஒரே ஆளு கொட்டில்ல கெடந்ததுன்னா காப்பியா இருக்க வாய்ப்பு கம்மி, ஆனா அந்த ஐயா நடுவுல சிலிண்டர் மாத்தியிருக்கலாமே.

கிராங்க் கேஸ் மெக்னீசியம். ஈரத்துல கெடந்தா வெள்ளையா மாவு பூக்கும், சொரண்டிப் பாருங்க, மேலோட்டமா இருந்தா ஒண்ணுமில்ல, குழி விழுந்திருந்தா விட்டுடுங்க. கிளட்ச் பக்கம், செயின் உள்ள வர்ற எடத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க, செயின் அறுந்து அடிச்ச அடி அங்கதான் விழும். ஃப்ளைவீல ரெண்டு கையால பிடிச்சு மேல கீழ ஆட்டுங்க. ஆடக்கூடாது. கொஞ்சம் ஆடினாக்கூட பேரிங் போச்சு, ஆயில் சீலும் கூடவே போச்சு.

பேராக்காரன்

பட்டறை அண்ணே சொன்னதெல்லாம் மிஷின் உயிரோட இருக்கான்னு பாக்கறதுக்கு. நான் உங்க உயிரப் பத்தி பேசறேன், கோச்சுக்காதீங்க.

எங்கப்பா 18 வருஷம் பாலாக் காட்டுல, அதாவது மரம் வெட்டற காட்டுல, வேல செஞ்சவரு. அந்தக் காலத்துல இங்க காட்டுக்குள்ள எல்லாம் இந்த மாதிரி 100 சிசிக்கு மேல உள்ள பெரிய சாதான், நான் சின்னப் பையனா அது சத்தத்த மலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கேன். ஒரு நாளு கிடந்த மரத்துல கிளை கழிக்கும்போது பிளேடு மூக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கட்டையில பட்டிருச்சு. அவ்வளவுதான். பிளேடு மேல எழும்பி திரும்பி வந்திருச்சு, அவரு தலையத் திருப்பினதால தோள்ல எடுத்துச்சு. 40 தையலுக்கு மேல. காட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு பாலாக் லாரியிலதான் கொண்டு வந்தாங்க. நான் அப்ப ஆறாம் வகுப்பு. சட்டைய கத்தரியில வெட்டி எடுத்தாங்க, அந்த சட்டையில மரத்தூளும் ரத்தமும் சேர்ந்து களிமண் மாதிரி ஒட்டியிருந்துச்சு. அது இன்னும் கண்ணுல நிக்குது.

பிளேடு மூக்கோட மேல் கால்பாகம் எதுலயாவது பட்டா கிக்பேக் வரும். செயின் அங்க மரத்த அறுக்க முடியாம மாட்டிக்குது, அந்த வேகம் முழுக்க பிளேட உங்க முகத்துக்குத் தூக்குது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், கை பலத்தால நிறுத்தலாம்னு நினைக்காதீங்க. புது சாவுல முன்னாடி இருக்கற தடுப்பு கைய இடிச்ச உடனே, இல்லைன்னா அந்த ஆட்டத்துலயே, பிரேக் விழுந்து செயின் நின்னுரும். செயின் பிரேக் பரவலா வந்ததே 1970கள்ல. 090 அதுக்கு முந்தின காலத்து வடிவம், பிரேக் கிடையாது. பின்கைக்கு அடியில அகலமான தடுப்பு, அறுந்த செயின பிடிக்கற கொக்கி, தெரியாம ஆக்ஸிலரேட்டர் அழுந்தாம இருக்க லாக், இதெல்லாம் புதுசுல சாதாரணம். உங்க கையில இருக்கறதுல எது எது இல்லைன்னு எண்ணிப் பாத்துக்குங்க.

41 அங்குல பிளேடுன்னா மூக்கு உங்க கண்ணுல இருந்து ஒரு மீட்டர் தாண்டி, மரத்துக்கு அந்தப் பக்கம். அங்க என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் அந்த ஆஷ் மரம். செத்து நிக்கற மரம். அது எத்தன வருஷமா நிக்குது?

வன்னியான்

அண்ணை உங்கட அப்பாவின்ர கதையை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். இப்ப சுகமா இருக்கிறாரோ?

மரம் செத்து நாலு வருசம் இருக்கும். பட்டை எல்லாம் கழண்டு விழுகுது, உச்சிக் கொப்புகள் காத்துக்கு ஒண்டொண்டா முறிஞ்சு விழுந்து கிடக்கு. ஆனா ஒண்டு கேக்கிறன், அந்த ஐயா இதே மிஷினால 30 வருசம் மரம் வெட்டினவர், ஒரு விரலும் போகேல்லை, எண்பது வயது தாண்டித்தான் செத்தவர். கவனமா இருந்தால் காணாதோ?

பேராக்காரன்

அப்பா நல்லா இருக்காரு, இடது கைய தோளுக்கு மேல தூக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த ஐயா 30 வருஷம் தினமும் அத கையில வச்சிருந்தவரு தம்பி. எந்த மரம் எப்படி இழுக்கும், எப்ப பிளேட எடுக்கணும், எப்ப ஓடணும்னு அவரு உடம்புக்கே தெரியும். நீங்க வருஷத்துல நாலு நாளு சா எடுக்கறவரு. அவருக்கு ஒண்ணும் ஆகலைங்கறது அவரோட கதை, அவரு கூட வேல செஞ்சவங்கள்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு அந்த அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

நாலு வருஷம் செத்த ஆஷ்ன்னா அடிய வெட்டும்போது வர்ற அதிர்வுக்கே உச்சி முறிஞ்சு நேரா உங்க தலையில விழும். நார் எல்லாம் காஞ்சு முறுக்கா இருக்கும், சாயும்போது கீல் மாதிரி பிடிச்சு வழிகாட்ட விடுற பகுதி பிடிக்காம படக்குன்னு உடையும், மரம் அது இஷ்டத்துக்கு விழும். இதுல 137 சிசி சத்தத்துல உச்சி முறியற சத்தம் உங்களுக்கு கேக்கவே கேக்காது. அந்த மரத்த தொழில்காரங்கள வச்சு, மேல போற லிஃப்ட் வச்சு எறக்குங்க. அதுக்கு ஆகற காசு மேசையோட விலைன்னு வச்சுக்குங்க.

கொங்குத் தச்சன்

நான் பலகை அறுக்கறவன், அதப்பத்தி மட்டும் சொல்றனுங்க. மரம் சாய்க்கறதுக்கு 090 வேண்டாம்ங்கறதுல மணியாட்டம் சொல்லியிருக்காரு பேராக்காரர். ஆனா கெடக்கற மரத்துல மில் ஃபிரேம் போட்டு பலகை அறுக்கறதுக்கு இந்த பழைய சாவ அடிச்சுக்க ஆளில்லைங்க. ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) கம்மி, இழுவை ஜாஸ்தி. கார்புரேட்டர்லயே கவர்னர் இருக்குது, வேகம் எல்லை தாண்டினா கலவைய கெட்டியாக்கி அடக்கிப்போடும். புதுசுல ஸ்டில் 881 இருக்குது 121.6 சிசி, ஹஸ்க்வர்ணா 3120 கிட்டத்தட்ட 119 சிசி, ரெண்டுமே எடை கம்மி, பிரேக் இருக்குது, ஆனா விலையக் கேட்டா தலை சுத்தும்.

இன்னொண்ணு, ஃபிரேம் போட்டா பிளேடோட மூக்கு ஃபிரேமுக்குள்ள அடங்கிடுது, வேற கட்டையில போய் இடிக்கறதுக்கு வழியில்ல. அதனால கிக்பேக் பயம் வெகுவா கொறையுது. பேராக்காரரு பயப்படற விஷயமும் எனக்குப் புடிச்ச விஷயமும் ஒரே மிஷின்ல இருக்குது, எந்த வேலைக்கு எடுக்கறோம்ங்கறதுதான். நீளவாக்குல அறுக்க 10 டிகிரி தீட்டின செயின் போடுங்க, சாதா 30 டிகிரி செயின் போட்டா பலகை மேல அலை அலையா விழும்.

கோத்தகிரி பட்டறை

அதுக்காக ஃபிரேம் போட்டா ஆபத்தே இல்லன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு தெரிஞ்சு மில்லிங்ல அடி வாங்கறது கை. மணிக்கணக்கா முழு ஆக்ஸிலரேட்டர்ல பிடிச்சிருக்கணும், அதிர்வு விரல் நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுத்துடும். குளிர்ல விரல் நுனி வெள்ளையா போயி மரத்துப்போகும். எஸ்டேட்டுல ரிட்டயர் ஆன பழைய ஆளுங்க சிலபேர் காலையில சட்டை பட்டன் போட மாட்டாம திணறுவாங்க. கனடா குளிர்ல உங்களுக்கு சீக்கிரம் தெரியும். 090ல அதிர்வு தாங்கற ரப்பர் வச்ச மாடலும் இருக்கு, வைக்காததும் இருக்கு. கைப்பிடிய பிடிச்சு இழுத்துப் பாருங்க, கொஞ்சம் நெளிஞ்சு குடுக்கணும். ரப்பர் இருந்தும் கல்லா போயிருந்தா மாத்தணும்.

கால்ல போடற பாதுகாப்பு உடைய பத்தியும் சொல்லிடறேன். அதுக்குள்ள இருக்கற நார் செயின்ல சுத்தி ஸ்ப்ராக்கெட்ட (செயின ஓட்டற பல்சக்கரம்) ஜாம் ஆக்கும், அப்படித்தான் அது வேல செய்யுது. முதல் வகுப்பு உடைய சோதிக்கறது செகண்டுக்கு 20 மீட்டர் செயின் வேகத்துல. 090க்கு .404 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட்டுன்னு வச்சா ஒரு சுத்துக்கு 14 செ.மீ சொச்சம் ஓடும், 7000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 17 மீட்டர்கிட்ட வரும். கணக்குல எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனா இதோட இழுவைக்கு நார் சுத்தினாலும் உடனே நிக்கும்னு சொல்ல முடியாது. போடுங்க, கண்டிப்பா போடுங்க, அத நம்பி கால நீட்டாதீங்க.

ஸ்டார்ட் பண்றது தனி விஷயம். தரையில வச்சு, கால்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் வால்வு (இழுக்க லேசா அழுத்தத்த கொறைக்கறது) இருந்தா அமுக்கிட்டு, கயிற மெதுவா இழுத்து கம்ப்ரஷன் வர்ற எடத்துல இருந்து ஒரே இழுவை. பாதி மனசா இழுத்தா எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சு கயிறு கைய புடுங்கும், விரல் ஒடஞ்சவங்க இருக்காங்க. கையில தொங்கவிட்டு ஸ்டார்ட் பண்ற வேலையே வேணாம்.

செந்தூரம்

இவ்வளவு நேரம் எல்லாரும் மிஷினப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, எனக்கு அந்த அம்மா சொன்ன 250 டாலர்தான் மனசுல நிக்குது. வன்னியான், நல்லா ஓடற 090 உங்க ஊர்ல ஆயிரம் டாலருக்கு மேல போகறத நான் விற்பனைப் பக்கங்கள்ல பலதடவை பாத்திருக்கேன். அவங்களுக்கு அது தெரியாது. புருஷன் போயி ஒரு வருஷம்கூட ஆகல, கொட்டில காலி பண்ணணும்ங்கற அவசரம், வாய்க்கு வந்த விலை சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சும் 250ஐ நீட்டிட்டு தூக்கிட்டு வந்தா நாளைக்கு அதே ரோட்டுல அவங்க முகத்தப் பாக்கணும் இல்லையா? எங்க பாட்டி வீட்டு தேக்கு ஊஞ்சல ஒருத்தர் இப்படித்தான் பழைய மர விலைக்கு வாங்கிட்டுப் போனாரு. பிறகு அது என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சப்ப பாட்டி ஒண்ணும் பேசல, ஊஞ்சல் தொங்கின கொக்கியையே பாத்துட்டு இருந்தாங்க.

கொங்குத் தச்சன்

அம்மிணி சொல்றது மனசுக்கு சரிதானுங்க, ஆனா ஆயிரம்ங்கறது நல்லா ஓடற மிஷினுக்கு. இது ஓடுமான்னே யாருக்கும் தெரியாது. வாங்கி பிரிச்சுப் பாத்தா உள்ள சீஸ் ஆகியிருந்தா 250ம் தண்டம். ரிஸ்க்கு வாங்கறவன் தலையில இருக்கறப்ப விலையும் கொறவாத்தான இருக்கணும்?

கோத்தகிரி பட்டறை

ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணோட ஒண்ணு முட்டல. ரிஸ்க்க முதல்ல கொறைங்க, அப்புறம் விலை பேசுங்க. அந்த அம்மா கொட்டில்லயே வச்சு சோதிச்சா போச்சு.

இந்த மிஷினுக்கு விலைய தூக்கறதும் எறக்குறதும் மூணு எடத்துல இருக்கு. ஒண்ணு ஒரிஜினல் சிலிண்டர் பிஸ்டன். புதுசா கிட் கிடைக்குது, ஆனா காப்பி கிட் போட்ட மிஷின சேகரிக்கறவங்க பாதி விலைக்கு கேப்பாங்க, ஓட்டறவங்களுக்கு அது பெருசில்ல. ரெண்டாவது காயில். பழைய 090ல பாயிண்ட் (தொட்டு விலகி நெருப்பு விழ வைக்கற உலோக முனை) வச்ச இக்னிஷன், பின்னாடி வந்ததுல எலெக்ட்ரானிக். பாயிண்ட் கருத்திருந்தா தொடச்சா சரியாயிடும், கண்டென்சர் போனா மாத்தலாம், காயில் போச்சுன்னா நல்ல காயில் தேடறது பெரும்பாடு, விலையும் அதிகம். அதனால பிளக்க வெளிய எடுத்து உடம்புல தொடவச்சு கயிற இழுத்து நெருப்பு நீலமா விழுதான்னு பாத்துட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கணும். மூணாவது கிராங்க் கேஸ். அது வெடிச்சிருந்தா மீதியெல்லாம் உதிரி பாகம்தான், ஆனா 090க்கு உதிரியும் நல்ல காசுதான், செத்த மிஷினுக்கும் 250 பெறும்.

பெயிண்ட், ஸ்டிக்கர், மூடி இதெல்லாம் பாத்து விலை சொல்றவன நம்பாதீங்க. அழுக்கா, எண்ணெய் பிசுக்கோட, சைலன்சர் திருகுல யாரும் கைவைக்காத துரு இருக்கற மிஷின்தான் எனக்கு புடிக்கும். பளபளன்னு புதுசா பெயிண்ட் அடிச்சு வந்தா எத மறைக்கறாங்கன்னு தேடுவேன்.

இன்னும் ஒண்ணு தனியா சொல்லணும். 1500 டாலர் குடுத்தாலும் 250 குடுத்தாலும் இந்த மிஷின்ல பிரேக் இல்ல. விலை ஜாஸ்தின்னா பத்திரமும் ஜாஸ்தின்னு நம்ம மனசு தானா கணக்கு போட்டுக்கும், பட்டறையில தினமும் பாக்கறேன்.

வன்னியான்

ரெண்டு கிழமை மறுமொழி போடேல்லை, மன்னிக்கவேணும். போன சனிக்கிழமை போய் அந்த அம்மாவோட இருந்து கதைச்சனான். முதல் வேலையா, இது ஓடினால் ஆயிரத்துக்கு மேல போகும், நான் ஒருக்கா கழட்டிப் பாக்கலாமோ எண்டு கேட்டன். அவ கொஞ்ச நேரம் என்னைப் பாத்திட்டு தேத்தண்ணி போட உள்ள போனவ. கழட்டு எண்டு சொன்னவ. பேராக்காரர் கேட்கச் சொன்னதையும் கேட்டன். ஐயாவோட வேலை செய்த ரெண்டு பேரை மரம் விழுந்து பறிகுடுத்தவையாம். ஒருத்தருக்கு 22 வயதாம். ஐயா அதுக்குப் பிறகு செத்து நிக்கிற மரத்தைத் தனிய வெட்டப் போறதில்லை எண்டு சத்தியம் பண்ணினவராம்.

சைலன்சர் திருகு ரெண்டும் துரு, எண்ணெய் விட்டு ஒரு மணித்தியாலம் வச்சுத்தான் கழண்டது. பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் மூண்டு மெல்லிய கோடு. நகம் தட்டேல்லை. பிறகு அவவின்ர சம்மதத்தோட சிலிண்டரையும் கழட்டினன், நாலு போல்ட். உள்ள பூச்சு கழண்ட இடம் ஒண்டும் இல்லை. பிஸ்டன்ல வெர்னியர் வச்சன், 65.9. அப்ப 090தான் அண்ணை! ஃப்ளைவீல் ஆடேல்லை. ஃப்ளைவீல் செட்டை ஒண்டு உடைஞ்சு கிடக்கு. நெருப்பு முதல்ல வரேல்லை, பாயிண்ட் பாசி பிடிச்ச செம்பு மாதிரி இருந்தது, மட்டைத் துண்டால துடைச்சு இடைவெளி 0.4 மி.மீ வச்சு இழுத்தன், கொட்டில் இருட்டுக்குள்ள நீலமாய் விழுந்தது. அவவும் பாத்தவ. ஐயா இப்பிடித்தான் நிலத்தில குந்தி இருந்து பாக்கிறவர் எண்டு சொன்னவ.

கிளட்ச் பக்கம் கேஸில ஒரு கோடு மாதிரி இருக்கு, விரிசலோ வார்ப்பு வரியோ தெரியேல்லை. அதைத்தான் இப்ப கேக்கிறன்.

கோத்தகிரி பட்டறை

65.9 பாத்ததும் எனக்கே சந்தோஷமா இருக்கு தம்பி.

அந்தக் கோட்ட பெட்ரோல்ல நல்லா கழுவி காயவிடுங்க, அப்புறம் மேல சாக்பீஸ் தேய்ச்சு ஒரு ராத்திரி விடுங்க. விரிசலா இருந்தா உள்ள நின்ன எண்ணெய் கசிஞ்சு சாக்பீஸ் மேல கருப்பா கோடு விழும். வார்ப்பு வரின்னா வெள்ளையாவே இருக்கும்.

ஃப்ளைவீல்ல ஒரு செட்டை போனா ஓடும்போது சமநிலை தப்பும், அது கிராங்க் பேரிங்க தின்னும், மாத்தியே ஆகணும், அந்த செலவ விலையில கழிச்சுக்கறது நியாயம். ஆயில் சீல் ரெண்டு, கார்புரேட்டர் டயஃப்ரம், டேங்க் குழாய், சிலிண்டர் அடி கேஸ்கெட், இதெல்லாம் பாக்காமலே மாத்துங்க. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைச்சா அதையே ஊத்துங்க, பழைய ரப்பருக்கு எத்தனால் விஷம். இங்க இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு பட்டறைக்கு வர்ற பழைய டூ ஸ்ட்ரோக் மிஷின்ல பாதிக்கு குழாய் ஊறிப்போய்த்தான் வருது. பெட்ரோல் ஆயில் கலவை 40க்கு 1, பலகை அறுக்கும்போது 32க்கு 1 போடுங்க, புகை வந்தா வரட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ரெண்டு பாருங்க. ஆக்ஸிலரேட்டர விட்ட பிறகும் ஆர்பிஎம் எறங்காம இழுத்துட்டு இருந்தா எங்கயோ காத்து இழுக்குது, உடனே நிறுத்துங்க. ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர தொடாம சும்மா ஓடும்போது) செயின் நகரவே கூடாது, நகர்ந்தா கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிரேக் இல்லாத மிஷின்ல ஐடில்ல செயின் நகர்றத சாதாரணமா விட்டுடாதீங்க.

செந்தூரம்

முதல் வேலையா விலைய சொன்னீங்களே, அதுக்கு நன்றி. படிச்சதும் பாட்டிய நினைச்சுக்கிட்டேன்.

வன்னியான்

சாக்பீஸ் வெள்ளையாவே நிண்டது. வார்ப்பு வரிதான்.

அம்மா ஒரு நாள் யோசிச்சிட்டு 700 தா எண்டு சொன்னவ. ஃப்ளைவீல், சீல் எல்லாம் வாங்கக் கிட்டத்தட்ட 200 போகும் எண்டு கணக்குக் காட்டினன், அதைத் தெரிஞ்சுதான் 700 சொன்னனான் எண்டு சொன்னவ. குடுத்தன். எனக்கு மனம் நிறைவு, அவவுக்கும் எண்டுதான் நினைக்கிறன்.

ஆஷ் மரத்தைத் தொழில்காரர் வந்து லிஃப்ட்டில ஏறி மேலிருந்து துண்டு துண்டாக் கழிச்சு இறக்கினவை. பேராக்காரர் சொன்னமாதிரியே, ரெண்டாவது கொப்பைத் தொடவே அதுக்கு மேல இருந்த ஒண்டு தானா முறிஞ்சு விழுந்தது. நான் நிக்கலாம் எண்டு நினைச்சு வச்சிருந்த இடத்திலதான் விழுந்தது. தொடை மொத்தம். அடிமரத்தை மட்டும் 9 அடி நீளத்தில எனக்கு விட்டிட்டுப் போனவை. இஞ்ச கூலி வேலைக்குப் பாவிக்கிற சாவில கிக்பேக் அடிச்சால் செயினை நிப்பாட்டிற கருவி கட்டாயம் இருக்கவேணும் எண்டு சட்டம், மரம் இறக்க வந்தவையில ஒரு பெடியன் என்ர 090ஐப் பாத்து ஆசையாத் தடவிப்போட்டு, இதை எங்கட வேலையிடத்துக்குக் கொண்டுவர ஏலாது எண்டு சொன்னவன்.

நேற்று முதல் அறுப்பு. ஐடில்ல செயின் மெல்ல ஊர்ந்தது, கிளட்ச் ஸ்பிரிங் மூண்டும் மாத்தினாப் பிறகு நிண்டிட்டுது. காதுக்குள்ள பஞ்சு, அதுக்கு மேல மூடி, ரெண்டும் போட்டும் நெஞ்சில அதிருது. ஃபிரேமைத் தள்ளவே தேவையில்லை, சாய்வில வச்சால் தன்ர பாட்டில இறங்குது. தூள் நூல் நூலாய் வந்து விழுது, பச்சைப்புல் மாதிரி ஒரு வாசம். 15 நிமிசம் அறுக்கிறது, 15 நிமிசம் இருக்கிறது எண்டு பட்டறை அண்ணையை நினைச்சுக்கொண்டு செய்தன், அப்பிடியும் இரவு கை கொஞ்சம் மரத்துத்தான் இருந்தது. ரெண்டே கால் அங்குலத்தில நாலு பலகை. மரத்துக்குள்ள பட்டைக்குக் கீழ வண்டுப் புழு போன பாதை எல்லாம் எழுத்துப்போல வளைஞ்சு வளைஞ்சு கிடக்கு. இந்தப் பச்சை வண்டு 2002ல டிட்ராய்ட், வின்ட்சர் பக்கம் முதல் கண்டது, இருபது வருசத்தில எங்கட பக்கத்து ஆஷ் எல்லாத்தையும் முடிச்சிட்டுது.

கொங்குத் தச்சன்

புழுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருதுங்க. நீங்க போட்டிருக்கற செயினோட பல்லு வடிவமே ஒரு வண்டுப் புழுவப் பாத்து வந்ததுதான். 1946ல அமெரிக்காவுல ஓரிகன்ல ஜோசப் காக்ஸ்ன்னு ஒரு மரவெட்டி, கட்டைக்குள்ள புழு இடமும் வலமும் மாத்தி மாத்தி கடிச்சுத் தின்னுட்டுப் போறதப் பாத்து, இடப்பல் வலப்பல்னு மாத்தி வச்சு செயின் செஞ்சாரு. அதுக்கு முன்னாடி ரம்பப் பல்லு மாதிரி பிராண்டற செயின்தான்.

பலகைய வெயில்ல விடாதீங்க. ரெண்டு முனையிலயும் இன்னைக்கே கெட்டியா பெயிண்ட் அடிச்சுப்போடுங்க, இல்லாட்டி முனையில இருந்து வெடிக்கும். நடுவுல ஒரே கனத்துல குச்சி வச்சு, ஒண்ணரை அடிக்கு ஒண்ணு, நேர் மேல நேரா அடுக்கி மேல பாரம் ஏத்துங்க. செத்த மரம்ங்கறதால பாதி காஞ்சே இருக்கும், இருந்தாலும் ஒரு வருஷம் பொறுங்க. செயின ஒவ்வொரு பலகைக்கும் ஒருக்கா தீட்டுங்க, .404க்கு 5.5 மி.மீ உருண்டை அரம்.

வன்னியான்

பெயிண்ட் நேற்றே அடிச்சிட்டன் அண்ணை. நாலில ஒரு பலகை அந்த அம்மாவுக்கு. கொட்டில் வாசலில ஒரு வாங்கு போட்டுத் தா எண்டு கேட்டவ, ஐயா இருந்த இடத்திலயாம். வாங்குக்கு ரெண்டே கால் அங்குலத்தை அப்பிடியே விடலாமோ, இல்லாட்டி சீவி ரெண்டுக்குக் கொண்டுவாறதோ? வெளியில மழை பனி படுற இடம், ஆஷ் நிண்டு பிடிக்குமோ?

கொங்குத் தச்சன்

ஆஷ் வெளிய நிக்காதுங்க, ஈரம் பட்டா ரெண்டு மூணு வருஷத்துல உளுத்துப்போகும். தாழ்வாரத்துக்குள்ள, கூரை நிழல்ல போடற மாதிரி எடம் இருக்குதுங்களா? கால் மட்டும் வேற மரத்துல, சீடர் கெடைச்சா நல்லது. கனம் அப்படியே இருக்கட்டும்.